தானா ராத்தா போவதற்குள் அடங்கிவிடும் நெஞ்சு

மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள திரிங்காப்பில் ஒருவருக்கு நெஞ்சு திடீரென்று படபடவென அடிக்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் அடுக்கிக்கொண்டிருக்கும் பெண்ணாக இருக்கலாம். இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வந்து படுத்தவராகவும் இருக்கலாம். கழுத்தில் துடிப்பு தெரிகிறது, கை நடுங்குகிறது, இதோடு முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வீட்டில் இருப்பவர்கள் வண்டிக்கு ஆள் பிடித்து, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கீ ஃபார்ம் ஏறி, பிரிஞ்சாங் இறங்கி, தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூரம் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் பள்ளி விடுமுறை நாளில் கீ ஃபார்ம் சந்தை முன்னால் வண்டி நகராது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, ஈ.சி.ஜி. எடுக்கும்போது நாடி 88. தாளில் கோளாறு எதுவும் இல்லை. “ஒன்னுமில்லைம்மா, டென்ஷன் ஆகாதீங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த வார்த்தை நிம்மதி தர வேண்டும். தருவதில்லை. அடுத்த முறை அடிக்கும்போது இரண்டு பயம் சேர்ந்து வருகிறது. நெஞ்சுக்கு என்னவோ ஆகிறது என்பது ஒன்று, போய்ச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்பது மற்றொன்று. படபடப்பைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளாக மருத்துவர்கள் எழுதியதைப் புரட்டிப் பார்த்தால், ‘இது இதயமா, மனசா?’ என்ற ஒரே கேள்வியை அவர்களும் சுற்றிச் சுற்றி வந்திருப்பது தெரியும். என்னைக் கேட்டால் கேள்வியே கோணல். துடிப்பை அது துடிக்கும்போதே பிடித்துப் பதிந்துவிட வேண்டும், அது முதல் வேலை. காரணம் இதயமாகவே இருந்தாலும் பயத்துக்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும், அது இரண்டாவது. இந்த வரிசை மாறிப்போவதால்தான் ஆண்டுக்கணக்கில் அலைச்சல்.

1929-இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் தமிழர்கள் கேமரன் மலையில் கொழுந்து பறித்தார்கள். இன்று அந்தக் கூடையைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று வெளியிலிருந்து வந்தவர்கள். பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள் லாரி, காய்கறிப் பண்ணை, ஹோட்டல், கடை, அரசாங்க வேலை என்று பிரிந்துவிட்டார்கள். டிரெசர் எனப்படும் தோட்ட மருத்துவ உதவியாளர் இருந்த தோட்டங்களில் ஒரு வசதி இருந்தது. நெஞ்சு படபடத்தால் லயத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒருவர் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். அவரிடம் ஈ.சி.ஜி. கருவி இருந்திருக்காது. ஆனால் துடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் தொட்டு எண்ணிய கை ஒன்று இருந்தது. இன்று கருவி இருக்கிறது, சாலையும் இருக்கிறது, அந்தக் கைதான் தூரத்துக்குப் போய்விட்டது.

காரணங்களின் பங்கு என்ன? 1996-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வெபர், கபூர் என்ற இரு மருத்துவர்கள் படபடப்பு என்று வந்த 190 பேருக்குக் காரணம் தேடினார்கள். 43 விழுக்காட்டினருக்குக் காரணம் இதயத்தில் இருந்தது. 31 விழுக்காட்டினருக்கு மனநலத்தில். 10 விழுக்காட்டினருக்குத் தைராய்டு, ரத்தசோகை, மருந்து, காப்பி போன்றவை. மீதி 16 விழுக்காட்டினருக்குக் கடைசிவரை எதுவும் பிடிபடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு இது. மலையில் ஒரு சிறு கிளினிக்கில் எடுத்தால் பங்குகள் மாறும். ஆனால் ‘எல்லாம் மனசுதான்’ என்று எடுத்த எடுப்பில் சொல்வதற்கும், ‘ஹார்ட்டு போச்சு’ என்று பதறுவதற்கும் இந்தக் கணக்கில் இடமில்லை.

இதயக் காரணங்களில், இள வயதினருக்கும் நடுவயதுப் பெண்களுக்கும் அதிகம் வருவதும் அதிகம் தவறவிடப்படுவதும் எஸ்.வி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மிகைத்துடிப்பு. இதயத்தின் மின்துடிப்பு மேலறையில் பிறந்து, நடுவில் உள்ள ஏ.வி. கணு வழியாகத்தான் கீழறைக்கு இறங்க வேண்டும். சிலருக்கு அந்தக் கணுவை ஒட்டியே இரண்டு தடங்கள் அமைந்துவிடுகின்றன. வேறு சிலருக்குக் கணுவைத் தொடாமல் இறங்கும் கூடுதல் தசையிழை பிறவியிலேயே இருக்கிறது. நேரம் தவறி ஒரு துடிப்பு விழுந்தால் போதும், மின்சாரம் ஒரு தடத்தில் இறங்கி மற்றதில் ஏறி வளையமாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். நாடி நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை போகும். ஓய்வில் இருப்பவருக்கு 60 முதல் 100 வரைதான் வழக்கம்.

அனுபவித்தவர்கள் சொல்லும் விவரங்களே பாதி நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். குனிந்து நிமிர்ந்தேன், சட்டென்று ஆரம்பித்தது. அரை மணி கழித்து அதேபோல் சட்டென்று நின்றது. அடித்ததெல்லாம் ஒரே சீராக அடித்தது. கழுத்தில் தவளைத் தொண்டைபோல் துடித்தது. நின்ற பிறகு இரண்டு மூன்று தடவை நிறைய சிறுநீர் போனது. இந்தக் கடைசி விவரத்தை நோயாளிகள் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை, மருத்துவர்கள் பலர் கேட்பதும் இல்லை. இதயத்தின் மேலறை விரிவதால் சுரக்கும் ஒரு ஹார்மோன் செய்யும் வேலை அது. பயத்தினால் வரும் படபடப்பில் நாடி படிப்படியாக ஏறி, பெரும்பாலும் 150-க்குள் நின்று, படிப்படியாக இறங்கும். விதிவிலக்குகள் உண்டு. அதனால்தான் விவரங்களோடு பதிவும் வேண்டும்.

1997-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வை இந்த விஷயம் பேசும் எவரும் தாண்டிப் போக முடியாது. லெஸ்மையரும் உடன் பணியாற்றியவர்களும் எஸ்.வி.டி. இருப்பது உறுதியான 107 பேரின் பழைய கதையைத் தோண்டினார்கள். அவர்களில் 67 விழுக்காட்டினரின் அறிகுறிகள் ‘பேனிக்’ எனப்படும் பதற்றநோயின் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்தின. முதல் பரிசோதனையில் 55 விழுக்காட்டினருக்கு நோய் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அது தெரியவருவதற்குள் நடுமட்டமாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிப்போயிருந்தது. அப்படித் தவறவிடப்பட்ட பெண்களில் 65 விழுக்காட்டினருக்கு ‘பதற்றம், மன அழுத்தம்’ என்று முத்திரை குத்தியிருந்தார்கள். ஆண்களில் அது 32 விழுக்காடு. பெண் வந்து நெஞ்சு படபடக்கிறது என்றால் வீட்டில் சண்டையா என்று கேட்பதும், ஆண் வந்து சொன்னால் ஈ.சி.ஜி. எடுப்பதும் நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல என்று தெரிகிறது.

இந்தக் குழப்பத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமே இல்லாமல் நெஞ்சுத் துடிப்பாலும் மூச்சிரைப்பாலும் முடங்கிய சிப்பாய்களைப் பார்த்த ஜேக்கப் மெண்டெஸ் டா கோஸ்டா, 1871-இல் அதைப் பற்றி எழுதினார். முதல் உலகப் போரில் பிரிட்டனின் தாமஸ் லூயிஸ் அதே நிலையை மறுபடி ஆராய்ந்தார். இதற்கிடையே நெதர்லாந்தின் ஐந்தோவன் ஈ.சி.ஜி. கருவியை உருவாக்கி, அதற்காக 1924-இல் நோபல் பரிசு வாங்கினார். கருவி வந்த பிறகுதான் ஒரே புகாரோடு வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. 1930-இல் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் மூவரும் ஆரோக்கியமான இளைஞர்களின் ஈ.சி.ஜி.யில் ஒரு விசித்திர வடிவத்தையும், அவர்களுக்கு அடிக்கடி வரும் மிகைத்துடிப்பையும் சேர்த்துக் காட்டினார்கள். மேலே சொன்ன கூடுதல் தசையிழைக்காரர்கள் இவர்கள்தான். இந்த வகைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. துடிப்பு அடங்கிய பிறகு எடுத்த தாளிலும் பலருக்கு அடையாளம் தெரியும். ஆகவே அடங்கிவிட்டதே என்று தானா ராத்தா போகாமல் பாதிவழியில் திரும்பிவிடக் கூடாது.

அந்தப் பக்கம் மனநல மருத்துவம் பேனிக் நோயைத் தனி நோயாகக் கைநூலில் ஏற்றியது 1980-இல்தான். அதாவது ‘மனசுதான்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களின் மனசுக்கும் அதுவரை சரியான பெயரோ முறையான சிகிச்சையோ இருக்கவில்லை.

இதயமும் இல்லை, மனசும் இல்லை என்ற மூன்றாம் கூட்டத்துக்கு வருவோம். மலையில் இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இதில் பலவற்றைச் சுலபமாகச் சரிசெய்துவிடலாம்.

முதலில் ரத்தசோகை. மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு ரத்தம் குறைவு. ரத்தத்தில் சுமை தூக்கும் சிவப்பணு குறைந்தால் இதயம் வேகமாக ஓடித்தான் கணக்கை ஈடுகட்டும். சரிவில் கூடை சுமந்து ஏறும் பெண்ணுக்கு அது முதலில் தெரிவது படபடப்பாகத்தான். இதில் தேயிலைக்கும் பங்கு உண்டு. சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை வெகுவாகக் குறைக்கும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டால் இந்த நஷ்டம் பெரும்பகுதி மிச்சம். தேயிலை மலையில் இருந்துகொண்டு தேநீரைத் தள்ளிவைக்கச் சொல்வது வம்புதான், ஆனால் நேரத்தை மட்டும்தானே மாற்றச் சொல்கிறேன்.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே கதை: படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பு. பதற்றநோய் என்று நினைத்துவிட இதைவிடத் தோதான வேஷம் கிடையாது. ஒரு ரத்தப் பரிசோதனை போதும். காய்ச்சல், டெங்கி, வாந்தி பேதியில் நீர் வற்றுதல், கர்ப்பம், ஆஸ்துமா பம்ப், மூக்கடைப்பு மாத்திரை, மது ஆகிய எல்லாமே நாடியை ஏற்றும். பிரசவமான சில வாரங்களுக்குள் மூச்சிரைப்போடு படபடப்பு வந்தால் நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கலாம், அதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

காப்பி, தேநீர் மீதான பழி முழுக்க நியாயமானதல்ல. 2023-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில் 100 பேரைச் சில நாள் காப்பி குடிக்கவும் சில நாள் நிறுத்தவும் சொல்லி, இதயத்தை ஓயாமல் பதிந்தார்கள். மேலறையில் பிறக்கும் தப்புத் துடிப்புகள் கூடவில்லை. கீழறையில் பிறப்பவை கூடின. காப்பி நாளில் தூக்கம் சராசரி 36 நிமிடம் குறைந்தது. ஆனால் ஏற்கெனவே பேனிக் நோய் உள்ளவர்களின் கதை வேறு. ஐந்து கப் காப்பி அளவுக்குக் காஃபீனை ஒரே நேரத்தில் கொடுத்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தாக்கு வந்தது. ஒரு சாதாரணத் தேநீரில் இருப்பது 40, 50 மில்லிகிராம்தான். காலையும் மாலையும் குடிக்கும் தேநீரைக் குற்றம் சொல்வதைவிட, மாலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தைக்குக் கிளம்பும் லாரிக்காரரின் இரவைப் பார்க்க வேண்டும். கோப்பி, எனர்ஜி டிரிங்க், சிகரெட், தூக்கமின்மை, வளைவுகள், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நெருக்கடி. இத்தனையும் சேர்ந்த பிறகு நெஞ்சு படபடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பண்ணையில் மருந்தடிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் நாடி குறையவும் செய்யலாம், கூடவும் செய்யலாம், பதற்றமும் வரும். கூடவே வாயில் எச்சில் ஊறும், கண்ணீர் வழியும், வியர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும். இவற்றில் சில சேர்ந்து தெரிந்தால் மூச்சுப்பயிற்சி செய்துகொண்டிருக்கக் கூடாது. உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உயரத்தைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. உயரமலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். பிரிஞ்சாங் மலையின் உச்சியே 2,031 மீட்டர்தான். திரிங்காப்பிலேயே பிறந்து வளர்ந்தவரின் படபடப்புக்கு மலை காரணமில்லை.

இனி பயம். ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் கிளார்க் 1986-இல் பேனிக் தாக்கின் இயக்கத்தை விளக்கினார், இன்றைய சிகிச்சையின் அடித்தளம் அதுதான். உடம்பில் ஏதோ ஒன்று மாறுகிறது, மேடு ஏறியதால் நாடி கூடியது என்றே வைத்துக்கொள்வோம். மனம் அதை ‘மாரடைப்பு’ என்று படிக்கிறது. பயத்தில் அட்ரீனலின் பாய்கிறது, நாடி இன்னும் ஏறுகிறது. பார்த்தாயா, உண்மைதான் என்று மனம் உறுதி செய்துகொள்கிறது. மூச்சு வேகமாகிறது. வேக மூச்சில் ரத்தத்தின் கரியமில வாயு குறைந்து, விரல்நுனியும் உதடும் மதமதக்கின்றன, தலை லேசாகிறது. அதுவும் சாவின் அறிகுறியாகவே தோன்றுகிறது. சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கினாலும், அந்த இடம் மனதில் ஒட்டிக்கொள்ளும். பாசாரில் வந்தால் பாசாருக்குப் போகமாட்டார்கள். தனியாக இருக்கும்போது வந்தால் தனியாக இருக்கமாட்டார்கள்.

எஸ்.வி.டி. உள்ளவருக்கு இந்தச் சுழல் வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிமிடத்துக்கு 190 தடவை நெஞ்சு அடித்து அனுபவப்பட்டவர், அதன் பிறகு 100-க்கும் நடுங்குவார். வெளியூருக்கு வேலை கிடைத்தால், வழியில் வந்தால் என்ன செய்வது என்று மறுப்பார். இதயக் காரணம் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்ததோடு மருத்துவர் கைகழுவிவிட்டால் இந்தப் பாதி அப்படியே கிடக்கும்.

இந்த மலையில் பயத்துக்கு வெளிக்காரணமும் குறைவில்லை. 2013 அக்டோபர் 23 நள்ளிரவில் சுல்தான் அபு பக்கர் அணை நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் வேலியில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போயின. 2024 ஜனவரியில் கம்போங் ராஜாவின் புளூ வேலிப் பக்கம் மண் சரிந்து மியன்மார்த் தொழிலாளர்கள் இறந்தார்கள். சரிவில் வீடு வைத்திருப்பவருக்கு இரவு மழை பலத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை விட்ட பிறகும், வெயில் நாளிலும், மாதக்கணக்கில் அது தொடர்ந்தால் உதவி தேட வேண்டும்.

கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போடுவதும், பயந்த கோளாறு என்று மந்திரிப்பதும் இன்றும் நடக்கிறது. அதைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பெரியவர் ஒருவர் நெற்றியில் கைவைத்து, ஒன்றும் ஆகாது என்று நிதானமாகச் சொல்லும்போது மூச்சு தானே நிதானப்படும். என் ஆட்சேபம் வரிசையைப் பற்றியது. நாடியை எண்ணிவிட்டுத் திருநீறு போடுங்கள்.

எண்ணுவது எப்படி? கட்டைவிரலுக்கு நேர்கீழே, மணிக்கட்டின் உட்புறத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து அழுத்தாமல் தொட வேண்டும். சொந்தக் கட்டைவிரலால் தொட்டால் அதன் துடிப்பே குழப்பும். கைபேசியில் 30 விநாடி வைத்து எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். சீராக இருக்கிறதா, தாறுமாறாக இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். வேகத்தில் எண்ண முடியவில்லை என்றால் அதையே எழுதிக்கொள்ளலாம், அதுவும் தகவல்தான். ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், என்ன செய்துகொண்டிருந்தார், சட்டென்று நின்றதா மெல்ல அடங்கியதா என்று நாலு வரி. இந்த நாலு வரியை நீட்டினால் மருத்துவர் கேட்கும் விதமே மாறும்.

மயங்கி விழுந்தாலோ, நெஞ்சில் வலியோ இறுக்கமோ இருந்தாலோ, பேச முடியாத அளவு மூச்சிரைத்தாலோ, ஏற்கெனவே இதயநோய் இருந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும். ஓடும்போதோ சுமை தூக்கும்போதோ படபடப்பு வந்து கண் இருட்டுவது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருப்பது இரண்டும் ‘அப்புறம் பார்க்கலாம்’ வகையில் சேராது. முதன்முறையாக வரும் வேகத்துடிப்பு எதுவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி. தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

எஸ்.வி.டி. என்று மருத்துவர் ஏற்கெனவே உறுதி செய்தவர்களுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் வால்சால்வா, காதில் சேரும் சீழை வெளியேற்ற மூச்சை அடக்கி முக்கும் உத்தி ஒன்றைச் சொன்னார். காதுக்குச் சொன்னது பிற்காலத்தில் இதயத்துக்குப் பயன்பட்டது. மூச்சடக்கி முக்கிவிட்டு விடும்போது ரத்த அழுத்தம் ஏறி, வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, ஏ.வி. கணு ஒரு கணம் தாமதிக்கும். சுற்றிக்கொண்டிருந்த வளையம் அங்கே அறுந்துபோகலாம். உட்கார்ந்தபடி முக்குவது பழைய முறை. 2015-இல் இங்கிலாந்தில் 428 பேரை வைத்து நடந்த ‘ரிவெர்ட்’ ஆய்வு அதில் சிறு மாற்றம் செய்தது. நோயாளி தலையணையில் பாதி சாய்ந்தபடி 15 விநாடி முக்க வேண்டும். 10 மில்லி ஊசிக்குழாயின் வாயில் ஊதி, உள்ளே இருக்கும் தண்டு லேசாக நகரும் அளவுக்கு ஊதினால் அழுத்தம் சரியாக இருக்கும். முடித்த அடுத்த நொடியே அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, இன்னொருவர் கால்கள் இரண்டையும் 45 பாகை உயர்த்தி 15 விநாடி பிடிக்க வேண்டும். பழைய முறையில் 17 விழுக்காட்டினருக்கு நின்ற துடிப்பு, இப்படிச் செய்தபோது 43 விழுக்காட்டினருக்கு நின்றது. செலவு ஓர் ஊசிக்குழாய், கால் தூக்க ஓர் ஆள். மருந்து எதுவும் இல்லாமல் இவ்வளவு பலன் தருகிற வேலை மருத்துவத்தில் அபூர்வம். முதல் தடவை மருத்துவர் முன்னிலையில் கற்றுக்கொள்வது நல்லது. கழுத்து ரத்தக்குழாயை அழுத்துவதும் கண்ணை அழுத்துவதும் வேண்டாம். பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் தகவலை அனுப்புகிறவருக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

பேனிக் என்று உறுதியானவருக்கு அந்த நேரத்தில் உதவுவது வெளிமூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டி, நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு என்று குறைத்தால் கரியமில வாயு பழைய அளவுக்குத் திரும்பும், விரல் மதமதப்பு விலகும். காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லும் பழைய யோசனையை இப்போது கைவிட்டுவிட்டார்கள். ஆஸ்துமாவோ இதயநோயோ இருப்பவருக்கு அது ஆபத்து. பக்கத்தில் இருப்பவர்கள் ‘பயப்படாதே’ என்று பத்துத் தடவை சொல்வதைவிட, அவரோடு சேர்ந்து மூச்சு விடுவது பிரயோசனம்.

தாக்கு முடிந்த பிறகு நடக்க வேண்டியதுதான் முக்கியம். 24 மணி நேரம் மாட்டும் ஹோல்ட்டர் கருவி தினமும் படபடப்பு வருபவருக்குச் சரி. மாதம் ஒருமுறை வருபவருக்கு அதை மாட்டினால் ஒரு நாள் அமைதியான இதயத்தின் படம்தான் கிடைக்கும். பிரிட்டனில் 2019-இல் வெளிவந்த ‘ஐபெட்’ ஆய்வில், படபடப்பு என்று அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கைபேசியோடு இணையும் சிறு ஈ.சி.ஜி. பட்டையைக் கொடுத்தனுப்பினார்கள். 90 நாளில் அவர்களில் 55.6 விழுக்காட்டினருக்குத் தாக்கின்போதே பதிவு கிடைத்தது. வழக்கமான வழியில் போனவர்களுக்கு 9.5 விழுக்காடுதான். ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரமும் இந்த வேலையைச் செய்யும். தூரம்தான் எதிரி என்றால் கருவியை நோயாளியிடமே கொடுப்பதுதான் விடை. ஆனால் இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. பதற்றநோய் உள்ளவர் கையில் இதைக் கொடுத்தால் மணிக்கு இருபது தடவை பார்த்துக்கொண்டிருப்பார், பார்க்கப் பார்க்க நாடி ஏறும். படபடக்கும்போது மட்டும், ஒரே ஒரு தடவை என்று எல்லை வைக்க வேண்டியிருக்கும்.

எஸ்.வி.டி. உறுதியானால், தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தி அந்தக் கூடுதல் தடத்தைச் சுட்டுவிடும் அப்லேஷன் சிகிச்சை இருக்கிறது. வழக்கமான வகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பலிக்கும். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகக் கணு பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் தேவைப்படலாம், அதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கோலாலம்பூரில் 1992-இல் தொடங்கிய தேசிய இருதய மையமான ஐ.ஜே.என்.னில் இது செய்யப்படுகிறது. எப்போதாவது வந்து தானே நிற்பவருக்குச் சிகிச்சையே வேண்டாம் என்ற முடிவும் நியாயமான முடிவுதான்.

பேனிக் நோய்க்குச் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை நன்றாகப் பலிக்கிறது. அதில் ஒரு பயிற்சி வேடிக்கையாகத் தோன்றும். நின்ற இடத்தில் ஓடவைத்தும், உறிஞ்சுகுழல் வழியாக மூச்சுவிட வைத்தும், நோயாளி எதற்குப் பயப்படுகிறாரோ அதே படபடப்பை வேண்டுமென்றே உண்டாக்குவார்கள். வந்தது, ஒன்றும் ஆகவில்லை, போனது என்று உடம்பே கற்றுக்கொள்ளும். இதயம் சரியாக இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துவிட்டுத்தான் இதைத் தொடங்க முடியும். செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் படபடப்பைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும், இதைச் சொல்லாமல் கொடுத்தால் மூன்றாம் நாளே குப்பைக்குப் போய்விடும். உடனே அமைதி தரும் தூக்க மாத்திரை வகைகள் பழக்கமாகிவிடும். நாடியைக் குறைக்கும் ப்ரொப்ரனலால் கைநடுக்கத்துக்கு உதவும், பேனிக் நோயைத் தீர்க்கும் என்பதற்கு வலுவான ஆதாரமில்லை, ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது.

மலேசியாவில் குடியுரிமை உள்ளவருக்கு அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், நிபுணரிடம் போனால் ஐந்து வெள்ளி. மனநலத்துக்கு 2022 முதல் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. பணம் இங்கே பெரிய தடை இல்லை. ஒருநாள் சம்பளம், ஈப்போவரை போய்வரும் அலைச்சல், தமிழில் மனம்விட்டுப் பேச ஆள் கிடைப்பது, இவைதான் தடை. வேலைக்கு மட்டம் போட எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு கேட்டு வந்திருக்கிறார் என்ற சந்தேகப் பார்வையும் சேர்ந்துகொள்ளும். வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கட்டணமே பல மடங்கு, பாஷையும் இல்லை.

மருத்துவமனைகள் செலவில்லாமல் செய்யக்கூடியவை இரண்டு எனக்குத் தோன்றுகின்றன. எடுத்த ஈ.சி.ஜி. தாள் நல்லதோ கெட்டதோ, நோயாளி அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். அடுத்த மருத்துவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். இன்னொன்று, படபடப்பு என்று வந்து ‘ஒன்றுமில்லை’ என்று திரும்புபவரின் அட்டையில், அடுத்த முறை துடிப்பு இருக்கும்போதே வந்தால் நம்பர் இல்லாமல் உடனே ஈ.சி.ஜி. எடுக்கவும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். கீ ஃபார்ம் நெரிசலை மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது. கவுண்டர் முன்னால் பெயர், அடையாள அட்டை, என்ன செய்கிறது என்று சொல்லிக்கொண்டு நிற்கும் நேரத்தையாவது அந்த வரி மிச்சப்படுத்தும்.